நேற்று வந்த பலகை

நார்வே நாட்டுக் கிராமம் ஒன்றில் முந்நூறு வருஷத்து லூத்தரன் தேவாலயம் ஒன்று இருந்தது, முழுக்க மரம். அதன் தரையில் ஒரு பலகை மட்டும் புதுசு. மணிக்கூண்டைத் தாங்கும் பெரிய தூணின் காலடியில் அதைப் பதித்திருந்தார்கள். "நேத்து வந்தவனே!" என்றுதான் தூண் அதைக் கூப்பிடும். மற்ற மரங்கள் சிரிக்கும்.

ஒரு சனிக்கிழமை தச்சர் ஹால்வோர் சுத்தியலோடு வந்து, உளுத்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகத் தட்டி ஓசை கேட்டார்.

"என் அடி உளுத்துப் போச்சு. மூச்சு விடாதே," என்று தூண் பலகையிடம் கிசுகிசுத்தது. "தெரிஞ்சா என்னை விறகாக்கிடுவாங்க."

"நாளைக்கு மணி அடிக்கிறப்போ கூண்டு ஜனங்க தலையில விழுந்துட்டா, ஐயா?"

"ஒரு வருஷத்துப் பலகைக்கு வாயைப் பாரு!"

ஹால்வோர் மார்பு உயரத்தில் தட்டினார். தூண் கணீரென்றது. அவர் திருப்தியோடு திரும்பியபோது, பலகை வேண்டுமென்றே அவர் காலடியில் கிறீச்சிட்டது.

புதுப் பலகை ஏன் கத்துகிறது என்று அவர் குனிந்து பார்த்தார். தூணின் அடியில் கத்தியைச் செருகினார். பிடிவரை இறங்கியது.

"துரோகி!" என்றது தூண்.

ஹால்வோர் அன்றே தூணுக்கு முட்டுக் கொடுத்து, உளுத்த அடியை மட்டும் அறுத்தெடுத்து, அங்கே புது மரம் பொருத்தினார்.

ஞாயிறு மணி அடித்தது. கூண்டு அசையவில்லை.

"என்னடா, நேத்து வந்தவனே!" என்று மேலிருந்து உத்தரம் வழக்கம்போல ஆரம்பித்தது.

"யாரைச் சொல்றே?" என்று புதுக் காலை ஊன்றிக்கொண்டு அதட்டியது தூண்.