ஐந்நூறு பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை

கெலிஓயாவில் வயல் பார்க்கப் போய் எலிக்காய்ச்சலோடு திரும்பிய பேராசிரியர் வின்சன்ட், கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய பெருமையை அதற்குள் வார்டு முழுக்கப் பரப்பிவிட்டாள் மனைவி யோசப்பின்.

"எலிக்காய்ச்சலுக்கு ஊசியே வேணாம், மூலிகைக் குளிசை போதும்னு இவர் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரைய ஐந்நூறு பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க, டொக்டர்."

"தெரியும் மேடம்," என்றாள் இளம் டொக்டர் சந்திரிகா. "நான் சேர்கிட்ட படிச்சவதான். அந்தக் கட்டுரைய மனப்பாடமா எழுதித்தான் பாஸானேன். அதனாலதான் சேருக்கு ஊசிய நிறுத்தச் சொல்லிட்டேன். இன்னைக்கிருந்து அந்தக் குளிசைதான்."

யோசப்பின் பூரித்துப்போனாள்.

அதுவரை கண் திறக்காமல் கிடந்த வின்சன்ட், எழுந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து நீட்டினார்.

"ஊசியே போடுங்க, புள்ள. அந்தக் கட்டுரை புரமோஷனுக்கு எழுதினது. காய்ச்சலுக்கு இல்ல."