மச்சம் இருந்த பக்கம்

பார்க்டேலில் இருந்த மொரிகாவா என்ற ஜப்பானிய ஓவியர், ஐரோப்பியப் பாணியில் செப்புத்தகட்டில் முகம் செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுத்துக் கொடுப்பவர். போன மாதம் செத்துப்போன புருசனின் படத்தை வாங்க மகள் ஜெனிற்றாவோடு வந்த புஸ்பமலர், தாளைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை.

"உது அவரில்லை. மச்சம் மற்றக் கன்னத்திலையெல்லோ."

ஜெனிற்றா ஃபோனை நீட்டினாள். "போட்டோவிலயும் இந்தப் பக்கம்தானம்மா."

தகட்டில் இடம்வலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் சரியாக வரும் என்று ஓவியர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

"இவ்வளவு காலம் ஒண்டா இருந்தும் அப்பான்ர முகம் தெரியாதே?"

புஸ்பமலர் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். பிள்ளையைத் தனிய விடக்கூடாதென்று அவருக்குப் பகல் வேலை, அவளுக்கு இரவு வேலை. விடிய அவள் வீட்டுக்குள் வர, அவர் வாஷ்ரூமில் ஷேவ் எடுத்துக்கொண்டு நிற்பார். அவள் பின்னால் வாசலில் நின்று, கண்ணாடிக்குள் தெரிகிற முகத்தோடு நாலு வார்த்தை கதைப்பாள். அவர் வெளிக்கிட்டுப் போய்விடுவார். குடும்பம் நடத்தியதெல்லாம் அவ்வளவுதான்.

"ஓம், படம் சரிதான். நீ கொண்டுபோய் உன்ர வீட்டில மாட்டு" என்றாள்.

பிறகு செப்புத்தகட்டை எடுத்து, ஜாக்கெற் கையால் துடைத்தாள். மச்சம் அவள் கண்ட பக்கத்தில் இருந்தது.

"இஞ்சாருங்கோ, வேலை முடிஞ்சு வந்திட்டன்."