அடுப்படிச் சுவர்

யுத்தம் முடிந்த வருடம், மண் தின்னும் வியாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, கல்லங்குறிச்சியில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பூங்காவனத்தின் கண்ணிமையை இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ரத்தமே இல்லையே! மண்ணு கிண்ணு திங்கிறாளா?"

"எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கெடையாதுங்க!" என்று சீறினாள் தாய் உண்ணாமலை.

பூங்காவனத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சுரண்டிச் சுரண்டித் தின்றதில் அடுப்படி மண்சுவரில் பள்ளமே விழுந்துவிட்டது. அது அம்மாவின் கண்ணில் படாமலா இருக்கும்? பார்த்தும் ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் வாழாவெட்டியாக இங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் வாயை மூடிக்கொண்டால் வயிற்றுப் பிள்ளை என்னாவது?

"திங்கிறேங்க டாக்டரம்மா. வுடணும்னு பாக்குறேன், முடியல" என்று அழுதுவிட்டாள்.

அம்மாவின் கை முதுகில் விழப்போகிறது என்று குனிந்துகொண்டாள். அடி விழவில்லை.

"அழாதேம்மா. இது கெட்ட பழக்கம் இல்ல, வியாதி. ரத்தம் கொறைஞ்சா இந்த ஆசை வரும். மருந்து சாப்பிட்டாப் போயிடும்" என்றார் டாக்டரம்மா.

உண்ணாமலை எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏங்க, ரொம்ப வருசமா இருந்தாலும் அந்த மருந்து கேக்குமாங்க?"

பூங்காவனம் குழம்பிப்போனாள். "எனக்கு முழுகாம ஆனதுலேருந்துதானேம்மா?"

உண்ணாமலை மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒனக்குன்னு யாருடி கேட்டா?"