பட்டாணிக்குக் கைதட்டல் இல்லை

இது நான் நேரில் பார்த்ததல்ல. தாம்பரத்திலிருந்து கம்பெனி வேனில் என்னோடு வரும் ஷாயிஸ்தா சொன்னது. 2006 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, வேனில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

“படிச்சவங்க, கார்ல வந்தவங்க. ஒருத்தர்கூடக் கை தட்டலப்பா. நாட்டு நாய்னா அவ்வளவு கேவலமா?”

நாய், ஜாஸ்மினுடையது. ஜாஸ்மின், சிட்லபாக்கத்தில் ஷாயிஸ்தாவின் பக்கத்து வீட்டுப் பெண். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்து, பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள். வேறு நாயைக் கண்டால் பட்டாணி குரைத்துப் பாயும். மற்றபடி எதற்கு எப்போது மிரளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாஸ்மின் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் குப்புராஜ் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்துவிட்டார்.

“இது யார் பேச்சையும் கேக்காதும்மா. நாளைக்கு எவனையாச்சும் கடிச்சு வெச்சா நான்தான் பதில் சொல்லணும்.”

“கேக்கும் சார். போட்டிக்கெல்லாம் பழக்கறேன்.”

“அப்படியா? ஞாயித்துக்கிழமை நானே வந்து குந்திக்கினு பாக்கறேன். கயிறு இல்லாம உன் பேச்சு கேட்டு ஓடுச்சுன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா வேற வூடு பாத்துடு. உனக்கு இல்ல, நாய்க்கு.”

நாய்களுக்கான தடை தாண்டும் போட்டி அது. தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானம். கம்புகளைத் தாண்டி, துணிக் குழாய்க்குள் புகுந்து, நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடி முடிக்க வேண்டும். கழுத்தில் கயிறு இருக்காது. கூட ஓடுகிறவரின் கையும் குரலும்தான் வழி காட்டும். இதற்கு முந்தைய போட்டியில் பட்டாணி பாதி ஓட்டத்தில் மிரண்டு, கயிற்று வேலியைத் தாண்டி வெளியே ஓடிவிட்டது.

இந்தத் தடவை முறை வரும்வரை பட்டாணியை மைதானத்து மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள் ஜாஸ்மின். துணைக்கு ஷாயிஸ்தா.

“நான் நாயைத் தொடல. பிஸ்கட் டப்பாவைப் பிடிச்சிக்கிட்டேன், அவ்வளவுதான். அங்க வரைக்கும் கை தட்டற சத்தம் கேக்குது. ஒவ்வொரு நாய்க்கும் அப்படித் தட்டறாங்க. பாவம் பட்டாணி, காதை மடக்கிக்கிட்டுப் படுத்திருக்கு.”

பட்டாணிக்கு முன்னால் ஓடியது பிரின்ஸ். போன வருடம் கோப்பை வாங்கிய லாப்ரடார். அதை ஓட்டியவர் லாசரஸ். பெருங்களத்தூர்க்காரர், ரயில்வேயில் வேலை.

“அந்த ஆளுக்கு என்ன திமிர் தெரியுமா? ஜாஸ்மினைப் பார்த்து ஒரு சிரிப்புகூட இல்ல. நாங்க கயித்து வேலி வாசல்ல போய் நிக்கறப்ப அவரோட நாய் பாதியில நின்னுடுச்சு. நல்லா வேணும்.”

அடுத்து பட்டாணி. ஜாஸ்மின் கை காட்டிய பக்கமெல்லாம் ஓடியது. ஒரு கம்பும் விழவில்லை.

“கூட்டம் பரீட்சை ஹால் மாதிரி உக்காந்திருக்கு. எனக்குத் தாங்கல. நானாவது தட்டலாம்னு கையைத் தூக்கறேன், அந்த லாசரஸ் குறுக்க வந்து, ‘கையைக் கீழ போடும்மா’ன்னு அதட்டறார்.”

“கையைக் கீழ போட்டியா?”

“பயந்துபோய்ப் போட்டுட்டேன். அதான் இன்னும் எரியுது.”

ஓட்டம் முடிந்ததும் பட்டாணி, மண்ணிலேயே உட்கார்ந்துவிட்ட ஜாஸ்மின் மேல் தாவி ஏறியது. குப்புராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“கேக்குதே,” என்றார். “சரி, இருந்துட்டுப் போவட்டும்.”

வீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் ஜாஸ்மின் கண்ணைத் துடைத்தபடி யாரிடமும் பேசாமல் ஆட்டோ பிடித்துவிட்டாளாம்.

“நீதான் கதையெல்லாம் எழுதறியே, இதை எழுது. பேரைப் போட்டே எழுது,” என்றாள் ஷாயிஸ்தா.

ஒருவர் பக்கத்தை மட்டும் கேட்டு எழுத எனக்குப் பயம். அடுத்த ஞாயிறு காலை பெருங்களத்தூருக்குப் போனேன். லாசரஸ் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பிரின்ஸோடு நின்றிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“ஆமா தம்பி. நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், பட்டாணி வந்தா கை தட்டாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்.”

“ஏன் சார்?”

“தெரு நாயை நாம எப்படி விரட்டுவோம்?”

யோசிப்பதற்குள் என் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. தட்டப் போய் நிறுத்திக்கொண்டேன்.

“அதான்,” என்றார். “போன போட்டியிலயே பாத்தேன். ஜனங்க சந்தோஷமாத் தட்டறாங்க. விரட்டறாங்கன்னு நெனச்சு அது ஓடுது.”

“ஜாஸ்மின்கிட்டச் சொல்லியிருக்கலாமே சார்.”

“அந்தப் பொண்ணே பயந்துபோய்க் கீது. சொல்லியிருந்தா நாயை விட்டுட்டு ஜனங்க கையையே பாத்துக்கினு ஓடும். இப்ப நீங்க சொல்லிடுங்க.”

“பிரின்ஸ் ஓடறப்பவும் யாரும் தட்டலையா?”

“எப்படித் தட்ட முடியும்? பட்டாணி அதுக்குள்ள வாசலாண்ட வந்து நின்னுடுச்சே,” என்றவர், குனிந்து, தாண்டிப் பழக வைத்திருந்த கம்புகளைச் சரிசெய்யத் தொடங்கினார். பிறகு நிமிர்ந்து, “பிரின்ஸ், ஓடு,” என்றார்.

பிரின்ஸ் ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தது.

லாசரஸ் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“நீங்க சும்மா தட்டுங்க தம்பி. குட்டியிலேர்ந்து எங்க வூட்ல தட்டித் தட்டியே பழக்கிட்டோம்.”

நான் தட்டினேன். பிரின்ஸ் பாய்ந்து ஓடியது. எதற்கும் பார்ப்போம் என்று நடுவில் நிறுத்தினேன்.

பிரின்ஸ் பாதியில் நின்றுவிட்டது.