துக்க வீட்டார் வரிசை

யாரோ ஒரு பெண் வந்து துக்க வீட்டார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

செத்தவன் தாமோன் பிரபு. ஊர் ஊராகக் கொளுத்தியவன், சொந்தத் தம்பியின் தலையையே வாங்கியவன், சாமுராய் கார்ட்டூன் தொடரின் வில்லன். போன வாரம் டி.வி.யில் அவன் சாய்ந்ததும் பார்த்தவர்களெல்லாம் அழுது தீர்த்தார்கள். தொடரை எடுத்த கம்பெனி சும்மா இருக்குமா? டோக்கியோவில் ஒரு கோயிலைப் பிடித்து, நிஜச் சாவு போலவே சடங்குக்கு ஏற்பாடு செய்துவிட்டது.

வெள்ளைச் செவ்வந்திக் குவியலுக்கு நடுவே கறுப்பு ரிப்பன் கட்டிய தாமோனின் படம். பிட்சு மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். ரசிகர்கள் கறுப்பு உடையில் தெரு வரைக்கும் நின்றார்கள். ஒருவன் தாமோனைப் போலவே கவசம் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அட்டைக் கத்தியை மட்டும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வருகிறவர்கள் முதலில் துக்க வீட்டாருக்குக் குனிந்து வணங்க வேண்டும், அப்புறம்தான் தூபம் போட வேண்டும். அதுதான் முறை. கார்ட்டூன் வில்லனுக்கு வீட்டாரை எங்கே தேடுவது? கம்பெனி முதலாளி தோகாஷியும் நிர்வாகி ஹீராகியும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். டி.வி.காரர்களுக்கு ஏதோ சொல்ல ஹீராகி எழுந்து போன நேரத்தில்தான் இவள் வந்து அவருடைய இடத்தைப் பிடித்தாள்.

வரிசை நின்றுபோனது. இவளுக்குக் குனிவதா வேண்டாமா என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஹீராகி ஓடி வந்தார். கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தில் பணிவு.

"அம்மா, ரசிகர்களுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு."

"நான் ரசிகை இல்ல. இவன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

ஹீராகிக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் அதிகம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று தொடர் ஆரம்பித்த நாளிலிருந்தே புகார் எழுதுகிற தாய்மார் கூட்டம் ஒன்று உண்டு. இவள் அதில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த தொடருக்குப் பணம் போடப் போகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நேரடி ஒளிபரப்பு வேறு. வந்து சேர்ந்தாளே மகராசி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

புகார் இருந்தால் டி.வி. நிலையத்துக்குச் சொல்லுங்கள், சாவு வீட்டில் கலாட்டா செய்வது மரியாதையா என்று கேட்டார்.

"சாவு வீடா இது?" என்றாள் அவள். "சரி, சாவு வீடாவே இருக்கட்டும். இந்த வரிசை முடியற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். வர்ற ஒவ்வொருத்தரும் எனக்குக் குனிஞ்சிட்டுத்தான் போகணும்."

கூட்டம் கொதித்துவிட்டது. எவ்வளவு திமிர் பார் என்றார்கள். விளம்பரப் பைத்தியம் என்றார்கள். பிள்ளையைச் சரியாக வளர்க்கத் தெரியாதவள் கார்ட்டூனைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்றும் ஒருத்தி சொன்னாள். கவசக்காரன் அவள் முன்னால் வந்து நின்று, ராத்திரி பஸ்ஸில் கால் நீட்டாமல் உட்கார்ந்து வந்திருக்கிறோம், தள்ளுங்கள் என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவன் செத்தப்போ நீ அழுதியா தம்பி?"

"அழுதேன். அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. நல்லா அழு."

ஹீராகியின் பணிவு அதோடு தீர்ந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். மறுபடியும் பிடித்தார். நாற்காலி கிறீச்சிட்டதில் பிட்சு மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அதுவரை துக்கம் காத்துக்கொண்டிருந்த முதலாளி தோகாஷிக்கும் பொறுக்கவில்லை.

"இது பெத்தவங்க உட்கார்ற இடம். தாமோன் நாங்க பெத்த பிள்ளை. அவனுக்கு நீங்க யாரு?"

"பெத்தீங்களா? எந்தக் கையால?" அவள் குரல் உயர்ந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். "முதல் நாள்லேருந்து இவனை வரைஞ்சது என் வீட்டுக்காரர், நிஷிவாகி. வீட்டுக்கு வராம, தூங்காம, இவன் கண்ணையும் மீசையையும் வரைஞ்சு வரைஞ்சு, இவன் சாகற கட்டம் பாதியில இருக்கும்போதே உங்க ஆபீஸ் மேசையில தலை சாஞ்சு போனவர்."

ஹீராகியின் பிடி தானாகவே விட்டுப்போனது. அந்தப் பெயர் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவியின் முகம்தான் ஒருவருக்கும் தெரியாது.

"போன மாசம் அவருக்கும் படம் வச்சு, பூ வச்சு, இதே மாதிரி நாற்காலியில உட்கார்ந்திருந்தேன். வந்து குனிய உங்க ஆபீஸ்லேருந்து ஒரு ஆள் இல்ல," என்றவள் ஹீராகியைப் பார்த்தாள்.

"'இங்க தாமோன் சாகக் கிடக்கிறான்மா, யாரும் நகர முடியாது'ன்னு போன்ல சொன்னது நீங்கதானே, ஹீராகி சார்?"