கப்பலுக்குள் ஓர் அலை

“நாலு பக்கமும் கடல். நடுவுல மோட்டார் வெச்சுத் தள்ளுற தண்ணியில சறுக்கணுமா? அசிங்கம்,” என்றான் கணவன்.

டிராவல்ஸ்காரர் சுற்றுலாக் கப்பலின் படத்தைத் திருப்பிக் காட்டினார். மேல்தளத்தில் செயற்கை அலை. அதன்மேல் பலகையில் ஒருவன் நின்றிருந்தான்.

“சார் நிஜக் கடல்லயே சறுக்குவாரோ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி, அலைமேல நிக்கிற போட்டோவைக் காட்டித்தான் என்னை மயக்கினாரு,” என்றாள் மனைவி. “இந்தக் கப்பலையே போடுங்க.”

பணம் கட்டி வெளியே வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

“வேற கப்பலுக்கு மாத்திடலாமே. அந்தப் போட்டோ வந்து...”

“ஸ்டூடியோவுல எடுத்தது. தெரியும். தலைக்குத் தண்ணி ஊத்தவே மூக்கைப் பிடிச்சுக்கிறவருக்கு அலை ஒரு கேடா?”

“தெரிஞ்சுமா ஊர் பார்க்க என்னை ஏத்தி விழவைக்கப் போற?”

“உங்களை யாரு ஏத்துறா? சாயங்காலம் யோகா கிளாஸ்னு போறேனே, அது அலைச்சறுக்குப் பயிற்சி. பலகையில நிக்கப்போறது நான்.”

அவன் கையிலிருந்த ரசீதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் கிளாஸ் இருக்கு. ஆபீஸ்லேருந்து சீக்கிரம் வந்து பாப்பாவைப் பார்த்துக்குங்க.”