அரை மில்லிமீட்டர்

“போன் திரையைச் சுத்தியிருக்கிற கறுப்பு ஓரத்துல இன்னும் அரை மில்லிமீட்டர் குறைச்சாகணும்,” என்றார் மேனேஜர்.

“அந்த ஓரத்துலதான் சார் சர்க்யூட்டே இருக்கு. அதை எங்க கொண்டு போய் வைக்கிறது?” என்றார் எஞ்சினியர்.

“அது உங்க தலைவலி.”

எட்டு மாதம் மைக்ராஸ்கோப்பே கதியென்று கிடந்து, சர்க்யூட்டைத் திரையின் ஒளிப்புள்ளிகளுக்கு நடுவே நுழைத்தார் எஞ்சினியர். “அரை மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு? புள்ள உங்களை விருந்தாளின்னு நினைச்சிட்டிருக்கு,” என்றாள் மனைவி.

ஒருவழியாக ஓரம் குறைந்தது. போன் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. எஞ்சினியருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சட்டம் போட்டு.

மறுவாரமே மேனேஜர் கூப்பிட்டார். “ஒரே புகாரா வருது. போனைக் கையில எடுத்தாலே ஓரத்துல விரல் பட்டு யாருக்காவது போன் கால் போயிடுதாம். நேத்து என் போன்லேருந்து மாமியாருக்கே மூணு தடவை போயிருக்கு.”

“என்ன சார் பண்ணலாம்?”

“விரல் பட்டாலும் வேலை செய்யாத மாதிரி, திரையைச் சுத்தி ஒரு கறுப்புக் கோடு போட்டுடுங்க.”

“எவ்வளவு அகலம் சார்?”

மேனேஜர் யோசித்தார். “அரை மில்லிமீட்டர் போதும்.”

அடுத்த மாதம் ஊரெங்கும் விளம்பரம்: ‘இனி கை பட்டாலும் கவலையில்லை. பாதுகாப்பு ஓரத்துடன் புதிய போன். உலகிலேயே முதல்முறையாக.’